‘நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று அவர்கள் கேட்கும்போது

சேலத்தில் ஜவுளிக்கடையோ, நூற்பாலையோ, ஜாகிர் அம்மாபாளையத்து எல்காட் வளாகத்திலுள்ள மென்பொருள் நிறுவனமோ, எந்த இடத்து நேர்முகத் தேர்வாக இருந்தாலும் அது முடியும் தறுவாயில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: “நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” நான் அறிந்த இளைஞர்களில் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் “ஒன்றுமில்லை சார், நன்றி சார்” என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். வேலை கொடுப்பவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்றும், வாயைக் கொடுத்தால் வரவிருக்கும் வேலையும் கைநழுவிவிடும் என்றும் வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: வேலையைப் பற்றி அளவாகவும் பணிவாகவும் கேட்பவரை ஒழுங்கான நிர்வாகம் எதுவும் கழித்துவிடுவதில்லை. கேட்டார் என்பதற்காகவே ஒருவரைக் கழித்துவிடும் இடமாக இருந்தால், பின்னாளில் சம்பளச் சீட்டைக் கேட்கும்போதும் விடுப்பைக் கேட்கும்போதும் அங்கே அதே முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு, அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வரும் கடைசி ஆண்டு மாணவர்களோடு இதைப் பற்றி அடிக்கடி பேசுகிறேன். அவர்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் கேள்விகளைப் பார்த்திருக்கிறேன். “உங்கள் நிறுவனத்தின் பணிச்சூழல் எப்படி இருக்கும்?”, “இங்கே வளர்ச்சிக்கு வாய்ப்பு உண்டா?”, “சம்பள உயர்வு கிடைக்குமா?” என்று அவை ஒரே அச்சில் இருக்கும். இவற்றில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இவற்றுக்கு நல்ல வார்த்தையைத் தவிர வேறு பதில் வராது. பணிச்சூழல் நன்றாக இருக்கும் என்பார்கள், வளர்ச்சி உண்டு என்பார்கள், சம்பள உயர்வைப் பற்றிக் கேட்டால் “பார்த்துப் பண்ணிக்கலாம்” என்பார்கள். நம் ஊரின் குடும்ப நிறுவனங்களில் இந்தப் பதிலைக் கேட்காமல் வெளியே வந்தவர்கள் குறைவு. சொல்பவர் பொய் சொல்வதாகவும் கருத வேண்டியதில்லை. அவர் உண்மையாகவே பார்த்துச் செய்ய எண்ணியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வீட்டு வாடகையையோ கல்விக் கடனையோ யாரும் கணக்குப் போட முடியாது.

ஆகவே நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இனி நடக்கப்போவதைக் கேட்காமல், ஏற்கெனவே நடந்ததைக் கேளுங்கள். “சம்பள உயர்வு கிடைக்குமா சார்?” என்பதற்குப் பதிலாக, “போன வருடம் இந்தப் பிரிவில் சம்பள உயர்வு எந்த மாதத்தில் கொடுத்தீர்கள் சார்?” என்று கேளுங்கள். “பயிற்சி கொடுப்பீர்களா?” என்பதை விட்டுவிட்டு, “கடைசியாக இந்த வேலையில் சேர்ந்தவர் முதல் மாதம் என்னென்ன செய்தார்?” என்று கேளுங்கள். “சம்பளம் சரியான தேதிக்கு வருமா?” என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குக் கோபம் வரலாம், “சென்ற மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரவானது?” என்று கேட்டால் ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். நடந்ததற்கு மாதமும் தேதியும் தொகையும் உண்டு. அவற்றை உடனே சொல்லிவிடுகிறாரா, தயங்குகிறாரா, அருகில் இருப்பவரைப் பார்க்கிறாரா என்பதிலிருந்தே உங்களுக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

கேள்விகளில் ஒன்றை மட்டுமே கேட்க நேரமிருக்கிறது என்றால், இந்த இடம் ஏன் காலியானது என்பதைக் கேளுங்கள் என்பேன். “இது புதிதாக உருவாக்கிய இடமா சார், ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையா?” என்று தொடங்கலாம். ஏற்கெனவே ஒருவர் இருந்தார் என்றால், அவர் இப்போது என்ன செய்கிறார், எவ்வளவு காலம் இருந்தார் என்பது இயல்பாக வரும் அடுத்த கேள்வி. அவர் பதவி உயர்வு பெற்று அதே நிறுவனத்தில் மேலே போயிருந்தால், வளர்ச்சியைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டிய தேவை இருக்காது. வாழப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கர் வேலைக்குப் போனபோது இதைக் கேட்டாள். ஆலைக்காரர் வயதானவர், மறைக்கத் தெரியாதவர். “முன்னாடி இருந்த பையன் மூணு மாசந்தான் இருந்தான் கண்ணு, அதுக்கு முன்னாடி இருந்தவரும் நிக்கல” என்று சொல்லிவிட்டார். எதனால் நிற்கவில்லை என்று அவள் பணிவாகக் கேட்க, கிழங்கு வரத்து அதிகமுள்ள மாதங்களில் இரவில் எடைமேடைக் கணக்கையும் கணக்கரே பார்க்க வேண்டியிருந்தது என்றும், மாதம் 20ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டிய ஜிஎஸ்டி வேலையும் சேர்ந்துகொண்டது என்றும் தெரியவந்தது. எடைமேடைக்கு வேறு ஆள் போட்டால் கணக்கைத் தான் முழுதாகப் பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னாள், அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் கேள்வி இல்லாமல் சேர்ந்திருந்தால் அவளும் நான்காவது மாதத்தில் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

குடும்ப நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும் கேள்வி ஒன்று உண்டு. நம் ஊரில் தந்தை தொடங்கிய தொழிலை மகன்களும் மருமகனும் சேர்ந்து நடத்துவது வழக்கம். காலையில் பெரியவர் ஒரு வேலையைச் சொல்வார், மதியம் சின்னவர் வந்து அதை நிறுத்தச் சொல்வார். “நான் அன்றாடம் யாரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும், அவசரத்தில் யார் சொல்வது இறுதி முடிவு?” என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், பின்னால் இருவருக்கும் நடுவே நின்று தவிக்க வேண்டியிருக்காது. இதைப் பெரியவர், சின்னவர் இருவரும் இருக்கும்போது கேட்பது நல்லது.

பெரிய ஆலைகளில் கேட்க வேண்டியது வேறு. அங்கே உங்களைத் தேர்வு செய்பவர் ஒருவராகவும், சம்பளம் கொடுப்பவர் ஓர் ஒப்பந்ததாரராகவும் இருக்கலாம். “என் பெயர் யாருடைய பதிவேட்டில் இருக்கும்? நியமனக் கடிதத்தில் யாருடைய கையெழுத்து இருக்கும்?” என்று கேட்டால் அது தெளிவாகிவிடும். ஆலை வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பார்த்து, அந்த நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, முதல் சம்பளத்தன்று வேறு பெயரைப் பார்த்துக் குழம்பியவர்களை நான் அறிவேன்.

இனிச் சம்பளம். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாற்றமடைவது இங்கேதான். நிறுவனம் சொல்லும் தொகை சிடிசி எனப்படும், உங்களுக்காக அது செய்யும் மொத்தச் செலவாக இருக்கும். நம் வீட்டில் கேட்பது கைக்கு வரும் பணத்தை. ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய், வேறு படிகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பங்காக பிஎஃப் எனப்படும் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கப்படும். ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், ஏறத்தாழ 113 ரூபாய் போகும். கைக்கு வருவது 13,087 ரூபாய். நிறுவனமோ தன் பங்காக பிஎஃப்பில் 1,800 ரூபாயும், ஈஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக ஏறத்தாழ 488 ரூபாயும் கட்டுகிறது; வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) 4.81 சதவீதத்தை, ஏறத்தாழ 722 ரூபாயை, கணக்கில் சேர்க்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 18,010 ரூபாய். “பதினெட்டாயிரம் சம்பளம்” என்று நேர்முகத் தேர்வில் கேட்டுவிட்டு வந்தவர் கையில் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் நிற்பது இப்படித்தான். இதில் பணிக்கொடைத் தொகை பொதுவாக ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்கே கிடைக்கும் என்பதால், ஓரிரு ஆண்டுகளில் விலகிவிடும் நிரந்தரப் பணியாளருக்கு அது வெறும் காகிதத்தில் உள்ள எண்.

எனவே கேள்வியை இப்படி அமைத்துக்கொள்ளலாம்: “நீங்கள் சொன்ன தொகையில் நிறுவனத்தின் பிஎஃப், ஈஎஸ்ஐ பங்கும் சேர்ந்திருக்கிறதா சார்? எல்லாப் பிடித்தமும் போக மாதம் கைக்கு எவ்வளவு வரும்?” இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பணியாளர் பிரிவில் இருப்பவருக்கு இது அன்றாடக் கணக்கு; ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுவார். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பிஎஃப்பும், 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் ஈஎஸ்ஐயும் பொருந்தும் என்பதையும், ஈஎஸ்ஐக்கு மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. “பிஎஃப் வேண்டாம் என்றால் அந்தப் பணத்தையும் கையிலேயே தருகிறோம்” என்று சொல்லும் இடங்கள் உண்டு. இளம் வயதில் அது இனிப்பாகத் தோன்றும். பிஎஃப் கணக்கோடு ஓய்வூதியமும், பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகையும் இணைந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்து, அந்த யோசனையை மறுத்துவிடுங்கள். மறுப்பதால் வேலை கிடைக்காது என்றால் போகட்டும்.

பாண்டு என்று நாம் சொல்லும், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தப் பத்திரத்தையும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதையும் பற்றி நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிட வேண்டும். தனியார் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றில் இந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. சேரும் நாளன்று தாளை நீட்டும்போது, பழைய வேலையை விட்டுவிட்டு வந்தவரால் மறுக்க முடியாது. “சும்மா கையெழுத்துப் போடு, பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது” என்று உறவினர் ஒருவர் தைரியம் சொல்வார். அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, பத்திரத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெற முடியும் என்கிறது; அது நமக்குத் துணையாக இருக்கிறது. ஆனால் ஒரு பொதுத்துறை வங்கியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எல்லாப் பத்திரமும் செல்லாது என்பதும் சரியில்லை, எழுதியதெல்லாம் செல்லும் என்பதும் சரியில்லை. பயிற்சி எத்தனை நாட்கள், அதற்கு நிறுவனம் செய்யும் செலவு என்ன, மாதங்கள் செல்லச் செல்ல அந்தத் தொகை குறையுமா, இதற்கு முன் நடுவில் விலகியவர்களிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேளுங்கள். சான்றிதழ் விஷயத்தில், “அசலை இங்கேயே காட்டிச் சரிபார்த்துக்கொண்டு நகலைத் தருகிறேன், போதுமா மேடம்?” என்று கேட்டுப் பார்க்கலாம். வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பார்களானால், எந்தெந்தச் சான்றிதழ் என்று எழுதி முத்திரையிட்ட ரசீது தருவார்களா என்பதையும், மேற்படிப்புக்கோ அரசுத் தேர்வுச் சரிபார்ப்புக்கோ தேவைப்படும்போது எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேட்க வேண்டும். வேலைக்காக உங்களிடமே முன்பணம் கேட்கும் இடத்தில் மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை, எழுந்து வந்துவிடலாம்.

ஏற்காட்டில் ரிசார்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இப்போது அதிகம். மலைக்கு மேலே வேலை என்றால் சில கேள்விகள் கூடுதலாகத் தேவைப்படும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, இரவுப் பணி முடிந்து இருட்டில் இருசக்கர வண்டியில் இறங்குவது தினமும் செய்யக்கூடிய காரியமில்லை. ஆகவே தங்கும் அறை உண்டா, ஓர் அறையில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்று கேட்பதோடு, அறையை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். மே மாதக் கோடை விழாவின்போதும் வார இறுதிகளிலும் விடுப்பு கிடைக்காது என்பது தெரிந்ததே. சென்ற கோடையில் பணியாளர்கள் வார விடுமுறையை எந்த நாளில் எடுத்தார்கள், எடுக்க முடியாமல் போன நாட்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் தெரிய வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் கீழே சிக்கிக்கொண்ட பணியாளரின் சம்பளம் பிடிக்கப்பட்டதா, மேலே சிக்கிக்கொண்டு இரண்டு ஷிப்ட் பார்த்தவருக்குக் கூடுதல் ஊதியம் கிடைத்ததா என்று கேட்பது சேர்வராயன் மலையில் வேலை தேடும் எவருக்கும் நியாயமான கேள்வி. காப்பித் தோட்டங்களில் ரைட்டர் (கணக்கெழுதுபவர்) வேலைக்குப் போகிறவர்கள் குடியிருப்பு, மருத்துவ வசதி இரண்டையும் கேட்டால் போதும்; மற்றவை பெரும்பாலும் அறுவடைக் காலத்தைப் பொறுத்தவை.

கீழே நகரத்தில் ஜவுளிக்கடை, நகைக்கடை வேலைக்குப் போகும் பெண்கள், நாள் முழுவதும் நிற்க வேண்டியிருக்குமா என்று கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டிலேயே திருத்தம் வந்துவிட்டது. கேட்பதற்குக்கூடத் தேவையில்லை, காத்திருக்கும் நேரத்தில் விற்பனைப் பகுதியைச் சுற்றிப் பார்த்தால், இருக்கை இருக்கிறதா, அதில் யாராவது உட்காருகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

பெண்களிடம் எல்லா இடங்களிலும் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு: “கல்யாணம் எப்போது? ஆன பிறகு வேலையை விட்டுவிடுவாயா?” இதற்கு அழவோ கோபப்படவோ வேண்டியதில்லை என்று என்னிடம் வரும் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். “தொடர்ந்து வேலை பார்க்கத்தான் விருப்பம் சார். இங்கே மகப்பேறு விடுப்பில் போய்த் திரும்பி வந்து வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்களா?” என்று அந்தக் கேள்வியையே நம்முடைய கேள்விக்கு வழியாக்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அப்படி விடுப்பெடுத்துத் திரும்பிய ஒருவரையாவது அவர்களால் சுட்டிக்காட்ட முடிகிறதா என்பதே தெரிய வேண்டியது. இரவுப் பணி இருந்தால், வண்டி வீட்டு வாசல்வரை வருகிறதா, ஐந்து ரோட்டிலோ புதிய பேருந்து நிலையத்திலோ இறக்கிவிடுகிறதா என்பதையும் கேளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதன் உறுப்பினர் யார் என்பதை எச்ஆர் பெண் அலுவலராக இருந்தால் அவரிடமே கேட்டுவிடலாம்.

இத்தனையையும் ஒரே மூச்சில் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. முதல் சுற்றில் வேலையைப் பற்றியும் அந்த இடம் காலியானதைப் பற்றியும் கேளுங்கள். நீங்கள் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டது தெரிந்த பிறகு சம்பளம், பாண்டு, விடுப்பு ஆகியவற்றுக்கு வாருங்கள். அப்போதுதான் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும். கல்லூரி வளாகத் தேர்வில் நூறு பேர் நடுவே எழுந்து சம்பளப் பிடித்தத்தைக் கேட்பதைவிட, பிறகு எச்ஆரிடம் தனியாகக் கேட்பது இருவருக்கும் வசதி.

அலுவலகத்துக்கு உள்ளே கேட்டவற்றை வெளியேயும் ஒருமுறை கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்காமல் பெண் கொடுக்காதவர்கள் நாம். வேலை விஷயத்தில் மட்டும் அந்த விசாரணையை விட்டுவிடுகிறோம். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலிலுள்ள டீக்கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள். “அண்ணா, இங்கே வேலைக்குக் கேட்டிருக்கிறேன், சம்பளமெல்லாம் தேதிக்கு வருமுங்களா?” என்று கேட்டால், உள்ளே வேலை செய்பவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். மேலாளர் சொன்ன தேதியும் டீக்கடையில் சொன்ன தேதியும் ஒன்றாக இருந்தால் மனநிம்மதியோடு சேரலாம்.

கடைசியாக, கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுத்தில் வாங்குவது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, நியமனக் கடிதம் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. ஆகவே அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. கடிதம் வரத் தாமதமானால், வீட்டுக்கு வந்த அன்று மாலையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நான் மாணவர்களுக்கு எழுதிக் கொடுப்பது இதுதான்:

“வணக்கம் சார். இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. தாங்கள் கூறியபடி, பிடித்தம் போக மாதச் சம்பளம் இவ்வளவு, வேலை நேரம் காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை, வார விடுமுறை இந்தக் கிழமை, தகுதிகாண் பருவம் ஆறு மாதம், அசல் சான்றிதழ்கள் சரிபார்த்த பின் திருப்பித் தரப்படும் என்று புரிந்துகொண்டேன். இதில் ஏதேனும் மாற்றம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். நியமனக் கடிதம் கிடைத்ததும் சேரும் தேதியை உறுதி செய்கிறேன்.”

இதற்கு “சரி” என்று ஒரு சொல் பதிலாக வந்தாலும் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்களில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். இப்போது வேறு ஓர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்து முடிக்கும்வரை அங்கே ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.